எட்டு நிமிடக் கைத்தட்டல்

எங்கள் ஒலி ஒளித் தொழில்காரர்கள் சேர்ந்து போடும் மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று இரண்டு பேர் என் அறைக்கு வந்தார்கள். "யார் சொல்லி வந்தீங்க?" என்றுதான் முதலில் கேட்டேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மைக் செட் காலம், கேசட் காலம், இப்போது பெட்டிக்குள் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கும் காலம் மூன்றிலும் வேலை பார்த்தவர் திண்டுக்கல்லில் நீங்கள் ஒருவர்தான் மிச்சம் என்றார்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். கேசட் அட்டையில் பாட்டுப் பெயர் எழுதியதைத் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. என்னைத் தேடி இரண்டு பேர் வருகிறார்கள் என்றால் பின்னால் முருகேசன் இருக்கிறான் என்று எனக்குப் பட்டது. ஏனென்றால் இரண்டு நாள் முன்னால்தான் அவன் வந்துபோயிருந்தான்.

முருகேசன் சின்னாளப்பட்டி நெசவாளி. என் வயதுதான். முப்பது வருடத்துக்கு மேல் பேச்சுவார்த்தை இல்லாதவன், ஒரு மதியம் கதவைத் தட்டி உள்ளே வந்து, கட்டிலில் போனை வைத்தான்.

"கேளு."

கேட்டேன். அது ஒரு வெள்ளைக்காரப் பாட்டுக் குழுவின் மேடைக் கச்சேரி. கிதார் நின்றதும் கூட்டம் கை தட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது.

"எம்புட்டு நேரம் தட்டுறாங்க பாத்தியா?"

"தட்டுறாங்க. அதுக்கென்ன?"

"நீ குடுத்த கேசட்டுல இது இல்லப்பா."

"தாமஸ் சாரோட இசைத்தட்டு டூப்ளிகேட்டு. அதுல இல்ல. அப்பவே பேசி முடிச்சதுதானே?"

முருகேசன் சிரித்தான். நெசவாளி இழை எண்ணுவதுபோல் விரல் விட்டு எண்ணிச் சொன்னான். "டூப்ளிகேட் தட்டு போடுறவன் பாட்டைத் திருடுவான். கைத்தட்டலை எதுக்கு வெட்டுறான்? அவனுக்கு அதுல என்ன மிச்சம்? போன்ல இது அறுபத்தெட்டு நிமிசம் ஓடுது. எங்கிட்ட இருக்குற கேசட்டு அறுபது நிமிசம். சரியா அறுபது. அறுபதுக்குள்ள அடக்கணும்னு எவனுக்குடா அவசரம்? கேசட்டுக்காரனுக்குத்தான்."

நான் போனை அவன் பக்கம் தள்ளினேன்.

"தாமஸ் சாருக்கு எண்பத்திநாலு வயசாச்சு," என்றான். "வர்ற ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுல கூடுறோம். நீ வாரியா, வரலையா?"

"யோசிச்சுச் சொல்றேன்."

அவன் சொன்னதன் பொருள் எனக்குத் தெரியும். கொடைரோடு ரயில் நிலையத்தில் பார்சல் கிளார்க்காக இருந்த தாமஸ் சாரை நாலு பேர் முன்னால் பொய்யர் ஆக்கியவன் நான். அவர் உயிரோடு இருக்கும்போதே அதை அவரிடம் சொல்லப்போகிறேனா, இல்லையா என்பதுதான் கேள்வி. மலருக்குக் கேட்டது என் தொழில் வாழ்க்கையை. என் தொழில் வாழ்க்கையை எந்தப் பக்கத்திலிருந்து எழுதினாலும் அது இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கன்னிவாடிப் பக்கம். பதின்மூன்று வயதில் லாரியில் கிளீனர். ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளிப் பெட்டி தூக்கினேன். பிறகு தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கால் வெந்தது. பூட்டுப் பட்டறையில் சாவிக்கு அரம் போட்டேன். எங்கும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. யாரும் விரட்டவில்லை, நானே போய்விடுவேன். மைக் செட் வேலை மட்டும் பிடித்திருந்தது, ஏனென்றால் அது ஊர் ஊராகப் போகிற வேலை. அதிலும் ஒரு திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கியைத் தென்னை மரத்தில் கட்டும்போது விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. கனம் தூக்க முடியாது என்று ஆன பிறகுதான் கனி பாய் கடைக்கு வந்தேன்.

கனி பாய் பேகம்பூர்க்காரர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தார். ஒல்லியான மனிதர், எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவர் யாரையும் நம்பியதில்லை. மதுரையிலிருந்து வரும் வெற்று கேசட்டை முதலில் மோந்து பார்ப்பார். நாடாவில் புளித்த வாடை வந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்புவார். தண்ணீர் கேட்டு வருகிறவனைக்கூட ஏன் இந்தக் கடையில் வந்து கேட்கிறான் என்று யோசிப்பவர். என்னைச் சேர்த்த அன்று இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி நகத்தைப் பார்த்தார்.

"நாடாவுல எண்ணெ பட்டா போச்சு தம்பி. வடை தின்னா கையக் கழுவு. கழுவுனேன்னு எங்கிட்ட சொல்லாத, காட்டு."

வேலை இப்படி இருக்கும். காலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் டேப் டெக்கில் நாடா உரசும் தலையைத் துடைக்க வேண்டும். புது கேசட்டை ஒருமுறை முழுக்க ஓட்டித் திரும்பச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் தொய்வு விழுந்து குரல் நீளும். பதிவுப் பொத்தானையும் ஓட்டப் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, இடைநிறுத்தப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, பாட்டு தொடங்குவதற்கு ஒரு மூச்சு முன்னால் விட வேண்டும். முடிந்ததும் கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் திருப்புளியால் உடைக்க வேண்டும். உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் வேறு பதிய முடியாது. அதன்பின் பாய் பார்ப்பார். ஒவ்வொரு கேசட்டையும் மூன்று இடத்தில் கேட்பார்: தொடக்கம், நடு, கடைசி. மூன்றும் சரியாக இருந்தால் தலையை ஆட்டுவார். அதுதான் பாராட்டு.

இன்னொரு வேலையும் இருந்தது. அதற்குக் கடையில் நாங்கள் வைத்த பெயர் பொக்கு எடுப்பது. ஆட்கள் பன்னிரண்டு சினிமாப் பாட்டு எழுதிக் கொண்டுவருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பதினொன்றுதான் அடங்கும். பாட்டுக்கு முன்னால் வரும் வசனம், மழைச் சத்தம், குதிரைக் குளம்புச் சத்தம் எல்லாம் பொக்கு. அதை எடுத்துவிட்டால் பன்னிரண்டு அடங்கும், ஆளுக்குச் சந்தோஷம். ஓடும் பாட்டில் தாளம் தப்பாமல் நிறுத்தி, தாளம் தப்பாமல் விட வேண்டும். உடைந்த மணிக்கட்டோடு நான் இதில் தேறினேன். வெட்டிய இடத்தைச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று பக்கத்துக் கடைக்காரர்களோடு பந்தயம் கட்டியிருக்கிறேன். ஒருவரும் சொன்னதில்லை.

இந்த நிலையில்தான் தாமஸ் சார் வந்தார். மலைமேல் பள்ளியில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது, சாமான் எடை கூடிப்போய், இரண்டு தட்டுகள் கொண்ட ஓர் இசைத்தட்டு உறையைப் பார்சல் ஆபீசில் இவர் கையில் கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிட்டாராம். தாமஸ் சார் வீட்டில் தட்டு ஓட்டும் பெட்டியும் இல்லை, டேப்பும் இல்லை, ரேடியோ மட்டும்தான். அதனால் செவ்வாய்க்கிழமை, அவருக்கு வார விடுப்பு நாளில், தட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி எங்கள் கடைக்கு வருவார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாலு பக்கமும் கேட்பார். திரும்பப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். கண்ணை மூட மாட்டார், தலையை ஆட்ட மாட்டார். பார்சல் எடை போடுகிற முகத்தோடு கேட்பார்.

அட்டையில் தாடி வைத்த நாலு பேர். அந்தக் குழுவின் பெயரை நான் எழுதினால் தப்பாகத்தான் எழுதுவேன். கடைப் பதிவேட்டில் தாடிக் கோஷ்டி என்று குறித்திருந்தோம்.

பாய் அதை மற்றவர்களுக்கும் பதிந்து கொடுக்க அனுமதி கேட்டார். தாமஸ் சார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"முழுசா ஏத்தணும் பாய். ஒரு இருமல்கூடக் கொறையக் கூடாது. முழுசுன்னு நான் நாலு பேருக்குச் சொல்லுவேன். அது பொய்யாயிரக் கூடாது."

"தொண்ணூறு நிமிசக் கேசட்டுல ஏத்து," என்று என்னிடம் சொல்லிவிட்டு பாய் சரக்கெடுக்க மதுரைக்குப் போனார்.

கடையில் தொண்ணூறு நிமிடக் கேசட் நாலைந்து இருந்தன. அந்த நாடா மெல்லிசு. நம்மூர் வெயிலுக்கு உள்ளே ஒட்டிக்கொள்ளும், டேப்பில் சிக்கி நூடுல்ஸ் மாதிரி வெளியே வரும். வாடிக்கையாளர் திட்டுவது பாயை அல்ல, என்னை. நான் கணக்குப் போட்டேன். பக்கத்துக்குப் பதினேழு நிமிடம், நாலு பக்கம், அறுபத்தெட்டு. எட்டு நிமிடம் போனால் நல்ல கெட்டியான அறுபதில் அடங்கிவிடும். பாட்டில் கை வைக்கவே வேண்டாம். எட்டு நிமிடத்துக்கு மேலேயே வெறும் கைத்தட்டலும் கூச்சலும் இருந்தது. என் கண்ணுக்கு, அதாவது என் காதுக்கு, அது சுத்தமான பொக்கு. எவனோ எங்கேயோ தட்டிய கை, திண்டுக்கல்காரனுக்கு எதற்கு? பன்னிரண்டு இடத்தில் வெட்டினேன். அவ்வளவு சுத்தமாக நான் அதற்கு முன்னும் வெட்டியதில்லை, பின்னும் வெட்டியதில்லை.

"அறுபதுலயே முழுசும் அடங்கிருச்சு பாய்," என்றேன் அவர் வந்ததும். தொடக்கம், நடு, கடைசி கேட்டார். மூன்று இடத்திலும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டினார்.

அந்தக் கேசட் போன மாதிரி எதுவும் போகவில்லை. இதில்தான் எனக்குச் சந்தேகம் தொடங்கியது. ஆங்கிலப் பாட்டு கேட்கிற கூட்டம் திண்டுக்கல்லில் எத்தனை இருக்கும்? ஆனால் வந்தார்கள். வாங்கினவர்களே தேய்ந்துபோச்சு என்று மறுபடி வந்தார்கள். அதே குழுவின் அதே பாட்டுகள், ஸ்டுடியோவில் சுத்தமாகப் பாடியது, கடையில் இருந்தது. எடுத்துக் காட்டினால் வேண்டாம் என்பார்கள். இந்தக் கேசட்டை வைத்து வேறு ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்தேன். ஒருவேளை யாராவது இதையே மறுபதிவு செய்து விற்கிறார்களோ என்று இரண்டு பேரின் பின்னால் பஸ் நிலையம்வரை நடந்துகூடப் பார்த்திருக்கிறேன். ஒருவர் பூ மார்க்கெட்டுக்குப் போனார். இன்னொருவர் வீட்டுக்குப் போனார்.

சரோஜாவிடம் நேரடியாகவே கேட்டேன். அவர் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். விடுதியில் தங்கியிருந்தார். வாய் கொஞ்சம் நீளம்.

"அவன் பாடுறது உங்களுக்குப் புரியுதாக்கா?"

"டாக்டர் எழுதுறது மட்டும் புரியுதாக்கும்? அதுக்காக மருந்து குடுக்காம இருக்கனா?"

"அப்ப எதுக்குக் கேக்குறீங்க?"

"ஒரு நாளைக்குப் பன்னெண்டு மணி நேரம் நிக்கேன் தம்பி. எனக்கு எவனாச்சும் கை தட்டுறானா? இதுல ஆயிரம் பேர் தட்டுறான். கொஞ்சமாத்தான் தட்டுறான், ஆனாலும் தட்டுறான்."

கொஞ்சமாகத்தான் தட்டுகிறான் என்று அவர் சொன்னது எனக்குள் எங்கோ இடித்தது. ஆனால் பிடிபட்டுவிடுவேனா என்ற இடிதான் அது, வேறொன்றும் இல்லை.

பிடித்தவன் முருகேசன். சனிக்கிழமைதோறும் சேலைக் கட்டைத் திண்டுக்கல் கடையில் இறக்கிவிட்டு வருவான். ஸ்டுடியோ பாட்டு மடித்து வைத்த சேலை, இது கட்டிக்கொண்டு நடக்கிற சேலை என்பான். ஒரு சனிக்கிழமை கேசட்டை மேசையில் வைத்தான்.

"பாய், இதுல முடிச்சு இருக்கு."

"என்ன முடிச்சு?"

"இழை அறுந்தா நாங்க முடிச்சுப் போட்டு ஓட்டுவோம்ல? பாக்குறவனுக்குத் தெரியாது. தடவுனா தெரியும். இதுல கை தட்டுறான் பாருங்க, செத்த நேரத்துல எல்லாரும் ஒரே மூச்சுல நிறுத்துறான். ஆயிரம் பேர் எப்படி ஒண்ணா நிறுத்துவான்? பன்னெண்டு எடத்துல இருக்கு."

பாய் என் பக்கம் திரும்பினார். "நீ வெட்டுனியா?"

ஆம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேலை போயிருக்கும். அது வரை எந்த வேலை போனதற்கும் நான் கவலைப்பட்டதில்லை. ஆனால் அப்போது எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள், நிலையான வேலை என்று சொல்லித்தான் பார்த்திருந்தார்கள். அதைக் காரணமாகச் சொல்கிறேன். அது மட்டும்தான் காரணமா என்று இன்றும் எனக்கே நிச்சயமில்லை. வெட்டின இடம் தெரியாது என்ற என் கர்வத்தை ஒரு நெசவாளி தடவிக் கண்டுபிடித்துவிட்டான் என்ற கோபமும் இருந்தது.

"தட்டே அப்படித்தான் பாய்," என்றேன். "டூப்ளிகேட் தட்டா இருக்கும்."

தாமஸ் சார் செவ்வாயன்று வந்தபோது பாய் விஷயத்தைச் சொன்னார். அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "தட்டு முழுசு. நான் வாராவாரம் கேக்கேன்," என்றார். எல்லாரும் கூடி, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுவிடலாம் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. முருகேசன் அங்கேயும் சந்தேகம் கிளப்பினான். கடைசி நேரத்தில் சார் எங்காவது வேறு தட்டு வாங்கி மாற்றிவிட்டால்? தட்டு முதல் நாளே கடைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியனுப்பினான். இது தாமஸ் சாருக்கு எட்டியது. அவரும் பதிலுக்குச் சொல்லியனுப்பினார். அப்படியானால் அரக்கு முத்திரை வைத்துத்தான் அனுப்புவேன், உடைக்காமல் எல்லார் முன்னாலும் பிரிக்க வேண்டும், நடுவில் கடைக்காரர்கள் கை வைத்துவிடக் கூடாது. யாரும் யாரையும் நம்பவில்லை. வாங்கி வரப் போனவன் நான்.

சனிக்கிழமை மத்தியானம் கொடைரோட்டில் அவர் வீட்டு வாசலிலேயே நின்று கட்டுவதைப் பார்த்தேன். இருபுறமும் அட்டை வைத்தார். காடாத் துணியில் சுற்றி விளிம்பைத் தைத்தார். சணல் கயிறு குறுக்கும் நெடுக்கும் போட்டு, முடிச்சின்மேல் அரக்கை உருக்கி ஊற்றி, தன் மோதிரத்தால் அழுத்தினார். முப்பது வருடம் ஊரார் சாமான்களைக் கட்டிய கை. கொடுக்கும்போது மட்டும், "வெயில்ல வைக்காத தம்பி," என்றார்.

பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. அந்தக் கால வண்டியில் என்ஜின் மூடி உள்ளே, டிரைவருக்கு இடப்பக்கம், அடுப்பு மாதிரி கொதிக்கும். பார்சல் என் மடியில் இருந்தது. நாளை மூன்று மணிக்கு இந்தத் தட்டு பாடும், கைத்தட்டல் முழுதாக வரும், பாய் என்னைப் பார்ப்பார். அம்பாத்துரை தாண்டுவதற்குள் பார்சலை என்ஜின் மூடிமேல் வைத்தேன். அரக்கு மேல்பக்கம் இருக்கும்படி பார்த்துத்தான் வைத்தேன்.

"யோவ், அதென்ன? சூடுய்யா, எடுத்து மடியில வையி," என்றார் டிரைவர்.

"சாப்பாடுண்ணே. சூடாவே இருக்கட்டும்."

கை நழுவிவிட்டது, மறந்துவிட்டேன் என்றெல்லாம் சொல்ல எனக்கு வழியில்லாமல் செய்தது அந்த ஒரு வார்த்தை. திண்டுக்கல் வரும்வரை எடுக்கவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்கு பாய், முருகேசன், சரோஜா, தாமஸ் சார், நான். வேறு சில வாடிக்கையாளர்களும் வாசலில் நின்றார்கள். பாய் பார்சலை எல்லார் முன்னாலும் நீட்டினார்.

"முத்திரை நீங்க வச்சதுதானே சார்?" என்று முருகேசன் கேட்டான்.

"ஆமா."

"உடையலையே?"

தாமஸ் சார் குனிந்து பார்த்தார். "உடையல."

பிரித்தார்கள். இரண்டு தட்டும் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. முள்ளை வைத்தால் துள்ளி ஓடியது. அப்புறம் முருகேசன்தான் மெதுவாகச் சொன்னான். "கேக்க முடியாதபடி பண்ணிட்டு முத்திரை வேற வச்சிருக்கீங்களே சார்."

"நான் நேராத்தான் வச்சேன்," என்றார் தாமஸ் சார். முத்திரை உடையவில்லை என்று அவர் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. என்னைப் பார்த்தார். நான் டெக்கின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நெளிந்த தட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அதன்பின் எந்தச் செவ்வாயும் வரவில்லை. ரயில்வே குடியிருப்பிலும் தெருவிலும் அவருக்கு டூப்ளிகேட் தாமஸ் என்று பெயர் விழுந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கனி பாய் மட்டும் அன்று எல்லாரும் போனபின் அந்த அரக்கை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஓரம் லேசாக வழிந்து மறுபடி உறைந்திருந்தது. கட்டைவிரலால் தடவினார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து என் கேசட்டுகளை மூன்று இடத்தில் கேட்பதை விட்டுவிட்டு முழுசாகக் கேட்க ஆரம்பித்தார். நானிருந்த மிச்சக் காலம் முழுக்க, ஒவ்வொரு கேசட்டையும், ஒரு மணி நேரம், எதிரில் உட்கார்ந்து. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த தைக்குள் வேலையை விட்டேன். பெண் வீட்டாரும் விலகிக்கொண்டார்கள். பிறகு திருப்பூரில் ஜெனரேட்டர், ஈரோட்டில் ஆம்ப்ளிஃபயர் பழுது, கடைசியில் மறுபடி திண்டுக்கல்லில் சவுண்ட் சர்வீஸ். இடது காதில் இரைச்சல் வந்து நிற்கும்வரை அதுதான். அதைப் பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

முருகேசன் கூப்பிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். பஸ்ஸில் முருகேசன் பக்கத்தில் உட்கார்ந்தான். என்னை நடுவில் உட்காரவைத்து ஆளுக்கு ஆள் கேள்வி கேட்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"சாருக்குக் காது மந்தம்," என்றான். "சத்தமாப் பேசணும்."

"காது கேக்காதவர் எதுக்குய்யா பாட்டுக் கேக்கக் கூட்டம் கூட்டுறார்?"

"அதை அவர்ட்டயே கேளு. இந்தப் பாட்டு போன்ல கெடச்சதும் நானும் சரோஜாக்காவும்தான் தேடிப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். வாசல்ல நிக்கவச்சு ஒரு மணி நேரம் பேசல. அப்புறம் போட்டுக் காட்டுங்கன்னார். அன்னையிலிருந்து மாசம் ஒரு ஞாயிறு."

"என்னைப் பத்தி?"

"நான் எதுவும் சொல்லல. எனக்குத் தெரிஞ்சது கணக்கு மட்டும்தானே. நீதானே சொல்லணும்."

ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓட்டு வீடு. ஒரே தெரு, நெருக்கமான வீடுகள், எல்லாக் கதவும் திறந்திருந்தன. தாமஸ் சார் முன்னறையில் பிரம்பு நாற்காலியில் இருந்தார். உடம்பு சுருங்கியிருந்தது, சட்டை கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது. சரோஜா அக்கா தலை முழுக்க நரைத்து, உள்ளே அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி, கையக் கழுவுனீங்களா?" என்றார். கனி பாய் சொல்வதுபோலவே சொன்னார்.

முருகேசன் போனைச் சின்ன ஸ்பீக்கரில் இணைத்தான். பாட்டு போட்டுவிட்டால் சொல்ல முடியாது என்று தெரிந்தது. நான் எழுந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"சார், கைத்தட்டலை நான்தான் வெட்டுனேன்."

அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "என்னது?"

"கைத்தட்டலை வெட்டுனது நான் சார். கேசட்டுல."

"சத்தமா சொல்லுங்க. கேக்கல."

"கைத்தட்டலை நான்தான் வெட்டுனேன்! உங்க தட்டு முழுசு!" அரிசி புடைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெண் முறத்தை நிறுத்தினார்.

"தட்டு எப்படி நெளிஞ்சுது?"

"பஸ்ஸுல என்ஜின் மேல வச்சேன் சார்."

"கேக்கல."

முருகேசன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மைக் இல்லாமல் கூட்டத்துக்கு அறிவிப்புச் செய்வதுபோல் கத்தினேன். "பஸ்ஸுல! என்ஜின் மூடி மேல! வேணும்னே வச்சேன்! நீங்க நேராத்தான் கட்டிக் குடுத்தீங்க! பொய் சொன்னது நான்!"

தெருவில் மூன்று நாலு வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். வயதான ஒருவர் தடியூன்றி வாசல் கேட் அருகே வந்து உள்ளே பார்த்தார். தாமஸ் சார் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், அவசரமில்லாமல், பார்சலை எண்ணிச் சரிபார்ப்பதுபோல. பிறகு காதிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப என் முத்திரை சரியாத்தான் இருந்திருக்கு," என்றார்.

"ஆமா சார்."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. நானாகத் தரையில் விரித்திருந்த கோரைப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். முருகேசன் பாட்டைத் தொடங்கினான். முதல் பாட்டு முடிந்து, நான் நாற்பது நொடி வெட்டியெடுத்த அந்தக் கைத்தட்டல் வந்தது. தாமஸ் சார் பார்சல் எடை போடுகிற அதே முகத்தோடு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் கைகொட்டி ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில், அவர் முதுகுக்குப் பின்னால் அடுப்படிக்குள்ளிருந்து சரோஜா அக்கா மெல்லிய குரலில், "சார், சீனி ஒரு கரண்டி போதுமா?" என்று கேட்டார்.

"அரைக் கரண்டி போதும்மா," என்றார் அவர், திரும்பாமலே.